மூன்றாம் வால்வில் உட்கார்ந்திருந்தவர்

இது நடந்த காலத்தில் எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள் இருந்தன, முப்பத்தெட்டு வீட்டு அடுப்படியிலும் ஒரு குடமாவது காலியாகக் கவிழ்ந்து கிடந்தது, மழை பெய்ததா என்றால் பெய்தது, அணை நிறைந்ததா என்றால் நிறைந்தது, ஆனாலும் குடம் காலி. தெருவுக்கு ஒரு பெயர் உண்டு, பெயர் எழுதிய பலகையும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கி வரும் பெரிய குழாயில் மூன்றாவது வால்வு எங்கள் தெருமுனையில் இருந்ததால் மூன்றாம் வால்வு என்றே சொல்லுவோம், கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் அடிப்போம்.

அந்த வால்வைத் திறக்கிறவர் தவசிக்கண்ணு. டவுன் பஞ்சாயத்து வேலை. இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, தலையில் குறுக்காக ஒரு கம்பி. காலை ஐந்தரைக்கு சைக்கிளில் வந்து, சிமெண்ட் மூடியின் நடுவில் இருக்கும் துளைக்குள் சாவியை இறக்கி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவார். பன்னிரண்டரைச் சுற்று. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அவர் சுற்றினால்தான் அது வீட்டுக்குள் வரும், சுற்றாவிட்டால் அது பாட்டுக்குக் குழாயில் நிற்கும். சுற்றி முடித்ததும் அந்த மூடியின் ஓரத்திலேயே உட்கார்ந்து ஒண்ணேகால் மணி நேரம் காத்திருந்து, மறுபடி மூடிவிட்டு நாலாம் வால்வுக்குப் போவார். பதினோரு வருஷம் இப்படித்தான். ஒரு புரட்டாசிக் காலையில், ஒன்பதாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அன்றைக்கு மீதி மூன்றரைச் சுற்றை அவர் மனைவி தங்கபுஷ்பம்தான் அழுதுகொண்டே சுற்றினாள் என்று சொல்லுகிறவர்கள் உண்டு, அழாமல் சுற்றினாள் என்று சொல்லுகிறவர்களும் உண்டு.

எரித்துவிட்டு வந்த மூன்றாம் நாள் காலையில் தவசிக்கண்ணு திரும்பி வந்து அந்த மூடியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

இதில் எங்களுக்கு ஆச்சரியம் கிடையாது. எங்கள் தெருவில் செத்தவர்கள் எல்லோரும் மூன்றாம் நாள் வருவார்கள், உயிரோடு இருக்கும்போது எங்கே அதிகம் உட்கார்ந்தார்களோ அங்கே வந்து உட்காருவார்கள், பேசமாட்டார்கள், யார் வழியையும் மறிக்கமாட்டார்கள், எதையோ வாய்க்குள் அடக்கிக்கொண்டு துப்ப இடம் தேடுகிற முகம் மட்டும் இருக்கும். அப்போது பிரமு அத்தையைக் கூப்பிடுவோம்.

பிரமு அத்தை பீடி சுற்றுகிறவள். ஐம்பத்து மூன்று வயது, கழுத்தில் ஒன்றுமில்லை, மடியில் எப்போதும் பீடித் தட்டு. செத்தவருடைய வீட்டில் பச்சரிசி பொங்கி, கருப்பட்டியும் தேங்காயும் போட்டுப் பிசைந்து, ஒரு கைப்பிடி உருண்டையை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். அதற்கு வாய்ச்சோறு என்று பெயர். அவள் செத்தவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைத் தின்பாள். செத்தவர் சொல்லாமல் வைத்துக்கொண்டு போனதெல்லாம் அந்தச் சோற்றோடு அவளுக்குள் இறங்கும். ஒருவருடையது கசக்கும், ஒருவருடையது துவர்க்கும், ஒரு சின்னப் பெண்ணுடையது பச்சைப்புளி மாதிரிக் கூசிற்று என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. தின்று முடித்து, இலையை மடித்து, "முடிஞ்சுது" என்பாள். செத்தவர் இலகுவாக எழுந்து, சேலையையோ வேட்டியையோ தட்டிவிட்டு, வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார். எங்கள் எல்லோருடைய வீட்டு ரகசியமும் அவள் வயிற்றில் இருந்தது. அதனாலேயே அவளுக்கு மரியாதை அதிகம், கல்யாணப் பந்தியில் அவள் பக்கத்து இலையில் உட்கார ஆள் குறைவு.

தவசிக்கண்ணுவுக்கும் அவள்தான் தின்றாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள், கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி மூடி மென்றாள். கடைசியில் இலையை மடித்தாள்.

"முடிஞ்சுது" என்றாள்.

தவசிக்கண்ணு எழுந்திருக்கவில்லை.

"எந்திரிப்பாரு" என்றார் சங்கிலிபூதம் அண்ணாச்சி. தெருவின் மாவு மில் அவருடையது, மில் வாசலில் வைத்துத்தான் தெரு எதையும் பேசும், ஆகையால் எதைப் பேசினாலும் முதல் வாய் அவருடையதாக இருக்கும். "பதினோரு வருஷம் உக்காந்த எடம்லா. எந்திரிக்க மனசு வரணும்லா."

உண்மையைச் சொன்னால் அந்த வருஷம் செத்தவர்கள் எல்லோருமே கொஞ்சம் சுணங்கித்தான் போனார்கள். தைமாசம் செத்த டெய்லர் வாய்ச்சோறு முடிந்தும் இரண்டு நாள் மிஷின் முன்னால் இருந்தார். ஆனியில் செத்த லூர்து டீச்சர் ஒன்பது நாள் இருந்தாள். அவள் பரீட்சைப் பேப்பரைத் திருத்தி முடிக்காமல் எப்போது எழுந்தாள் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அதை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பிரமு அத்தை முடிஞ்சுது என்று சொன்னால் முடிந்தது, அவள் வாயைச் சந்தேகப்பட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. அப்படியிருக்க, முடிந்த பிறகும் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் அவரை யாரோ உட்கார வைத்திருக்க வேண்டும்.

யார் என்று தேட நாங்கள் வெகுதூரம் போகவில்லை.

தங்கபுஷ்பம் தினமும் காலையில் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து புருஷன் பக்கத்தில் மூடிமேல் வைத்தாள். சாயங்காலம் வந்து நிறைந்த டம்ளரை எடுத்துப் போனாள். எட்டாம் நாள் டவுன் பஞ்சாயத்தில் அவளைக் கூப்பிட்டு, புருஷன் வேலையைத் தற்காலிகமாகப் பார், ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரம் பண்ணலாம் என்று சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். அவளுக்குப் பிள்ளை கிடையாது, அம்மா வீடு என்று ஒன்று இல்லை, அந்தச் சாவியை விட்டால் வேறு பிடிமானம் இல்லை. அவள் புருஷனை ஒட்டி நின்று, அவர் முழங்காலில் இடிக்காமல், துளைக்குள் சாவியை இறக்கிச் சுற்றினாள்.

"பாத்தீயளா" என்றாள் எதிர்வீட்டுக் கனியம்மாள். "காப்பியில சீனி போட்டுக் கொண்டாரா. செத்தவருக்குச் சீனி எதுக்கு?"

"அவ்வோளுக்குச் சீனி இல்லாம எறங்காது மைனி" என்றாள் தங்கபுஷ்பம். அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நாங்கள் சாதாரணமாகக் கேட்கவில்லை.

பத்தாம் நாள் தவசிக்கண்ணு ஊத ஆரம்பித்தார். பத்து நாள் தங்கிய செத்தவர் ஊதுவார் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது, ஏனென்றால் அவ்வளவு நாள் தங்கியவரை நாங்கள் பார்த்ததில்லை. கன்னம் உப்பிற்று, விரல் உப்பிற்று, வெளியே தெரியும் பாதம் மழையில் நனைந்த கோணிமூட்டை மாதிரி ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் அவரைச் சுற்றி மூடிமேல் ஈரம் கசிந்தது. அது குழாய்த் தண்ணீர் இல்லை, நாற்றமும் இல்லை. வெறுங்காலோடு குடம் எடுத்து வந்த கனியம்மாள்தான் முதலில் அதை மிதித்தாள். மிதித்ததும் அவள் காதுக்குள், மணி என்ன என்று கேட்டால் சொல்லுவாரே, அந்தக் குரலில் தவசிக்கண்ணு சொன்னார்: "சங்கிலி மில்லுக்குப் பின்னால தரைக்குள்ள ஒரு மோட்டார் இருக்கு. வால்வு தொறந்ததும் உறிஞ்சும்."

அரைமணி நேரத்தில் செய்தி கேட்டு வந்த சங்கிலி அண்ணாச்சி, செருப்பைக் கழற்றி மிதித்தார். அவருக்குக் கேட்டது வேறு: "கனி வீடு வரை எட்டட்டும்னு பத்து நிமிசம் கூட விட்டேன். நெத்திலிக் கொழம்பு வச்சுத் தருவா."

முப்பத்தெட்டு வீடும் வந்து மிதித்தது. யாருக்கும் தன்னைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை, மற்ற எல்லோரைப் பற்றியும் கேட்டது. எந்த வீடு ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டி கட்டித் தண்ணீரைப் பதுக்கியது, எந்த வீடு பக்கத்து வீட்டுக் குழாயை மண்ணுக்குள்ளேயே வளைத்துக்கொண்டது, எவள் எவள் வீட்டு மீட்டரில் கல்லைப் போட்டாள் என்று, பதினோரு வருஷம் ஒரு மனிதர் சுற்றி முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தபோது பார்த்ததெல்லாம் அந்த மூடியில் கசிந்து கிடந்தது. தன்னைப் பற்றி அடுத்தவன் காதில் என்ன விழுந்தது என்று அடுத்தவன் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது, முகமோ எல்லாவற்றையும் சொல்லும், ஒன்றையும் சொல்லாது.

அதன் பிறகு தெரு விடிவதே வேறு மாதிரி ஆயிற்று. ஐந்தரை மணிக்கு அவரவர் வீட்டுக் குழாயடியில் குடத்தை வைப்பதற்கு முன்னால் அடுத்த வீட்டுச் சுவரில் காதை வைத்தோம், மோட்டார் முனகுகிறதா என்று. முனகவில்லை என்றால் சத்தம் வராத மோட்டார் என்று நினைத்தோம். அவன் வைத்திருக்கும்போது நான் ஏன் வைக்கக் கூடாது என்று ஆறு வீட்டில் புதிதாக மோட்டார் வாங்கினார்கள். சந்தேகத்துக்கு ஒரு வீட்டில் நிற்கப் பிடிக்காது. அது வாசல் வாசலாகப் போய், கடைசியில் சாவி வைத்திருந்தவள் வாசலில் வந்து உட்கார்ந்தது. புருஷன் இவ்வளவு வைத்திருந்தால் பெண்டாட்டி எவ்வளவு வைத்திருப்பாள்? பன்னிரண்டரைச் சுற்று என்பது பதினொன்றாக இருக்கிறதோ? ஜன்னலுக்குப் பின்னால் நின்று எண்ணினோம். பன்னிரண்டரை இருந்தது. அப்படியானால் ஒவ்வொரு சுற்றையும் சிறிதாகச் சுற்றுகிறாள்.

டவுன் பஞ்சாயத்துக்கு மனு எழுதிப் போட்டோம். ஒன்றாம் வார்டிலிருந்து ஓர் ஆளை அனுப்பினார்கள்; அவன் தங்கபுஷ்பத்தைப் பார்த்து "அக்கா" என்றான், உறவுக்காரன் என்று நாலாம் நாள் விரட்டினோம். அடுத்து வந்தவன் அவளைப் பார்த்து ஒன்றுமே சொல்லவில்லை, மறைக்கிறான் என்று முதல் நாளே அவன் சைக்கிள் டயரைக் கிழித்தோம். அதற்குமேல் யாரும் வரமாட்டேன் என்று சொல்ல, சாவி மறுபடி அவளிடமே வந்தது. அதற்குள் தவசிக்கண்ணுவின் பாதம் உப்பி உப்பி மூடியின் துளையை மூடிவிட்டது. நாலு ஆம்பிளைகள் சேர்ந்து நகர்த்திப் பார்த்தார்கள், அசையவில்லை. மேல்நிலைத் தொட்டிக்காரன் தன் கடமைக்குத் தினமும் ஏற்ற, தொட்டி நிறைந்து, வழிந்து, எங்கள் தெரு நெடுகக் கரண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. தெரு முழுக்கத் தண்ணீர், வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. குழந்தைகள் கப்பல் விட்டன. நாங்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம்.

இவ்வளவும் நடக்கும்போது பிரமு அத்தை தெருவில் அதிகம் தென்படவில்லை.

அவள் எங்கே போனாள் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் ஊரிலேயே ஆஸ்பத்திரி இருக்க, அவள் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே எஸ்தர் சிஸ்டர் அவள் கால் கட்டைவிரல் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, விரலில் ஊசி குத்திப் பார்த்து, சர்க்கரை முந்நூற்று நாற்பது என்று சொல்லியிருக்கிறாள்.

"புண்ணு எப்ப வந்துது?"

"சித்திரையில."

"சித்திரையில வந்த புண்ணுக்கு ஐப்பசியில வாறீய. ஒங்க வீட்டுக்காரருக்குக் கால முழங்காலோட எடுத்தாவல்லா? பாத்துக்கிட்டுதானே இருந்தீய?"

பிரமு அத்தை வேறொன்றைக் கேட்டாள். "சிஸ்டர், சக்கரை கூடிச்சுன்னா நாக்குல ருசி போயிருமா?"

"சிலருக்குப் போவும். என்ன ருசி தெரியல?"

"எல்லாம் இனிப்பா இருக்கு. இனிப்புக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியல."

எஸ்தர் சிஸ்டர் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுக்கொண்டே, போன மாசம் ட்ரெயினிங்கில் ஒரு படம் காட்டினார்கள் என்று ஆரம்பித்தாள். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது, அதில் இன்சுலின் சுரக்கிற செல்கள் இருக்கின்றன, ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரையை உடம்பின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் விடுகிற சாவி அதுதான் என்றாள். "அதுல நாலு செல் அப்பப்ப சாவத்தான் செய்யும். செத்தத் தின்னு அப்புறப்படுத்தவே வேற செல்லுக இருக்கு. சத்தமில்லாமத் தின்னுரும், ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனா சக்கரை ஏறிக்கிட்டே போனா இந்தத் தின்னுத செல்லு மந்தமாயிருது. செத்தது அப்பிடியே கெடக்கும், ஊதும், வெடிக்கும், உள்ள இருந்ததெல்லாம் வெளிய சிந்தும். சிந்தினதப் பாத்து ஒடம்புல உள்ள காவக்காரச் செல்லுகளுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். எது எதிரி எது நம்மாளுன்னு தெரியாம, உசுரோட சாவி வச்சுக்கிட்டு வேலை பாக்கதையும் போட்டு அடிக்கும். எல்லாருக்கும் ஒண்ணுபோல நடக்காதாம். நடக்கவங்களுக்குச் சாவி கொறையக் கொறைய சக்கரை இன்னும் ஏறும்."

பிரமு அத்தை மாத்திரைக் கவரை வாங்கி மடியில் செருகினாள்.

"அந்தத் தின்னுத செல்லுக்குத் தெரியுமா சிஸ்டர்? தான் தின்னலன்னு?"

"அத அந்தப் படத்துல காட்டல" என்றாள் எஸ்தர் சிஸ்டர்.

அன்றிலிருந்து பிரமு அத்தை மாத்திரையைத் தவறவிடவில்லை, கருப்பட்டியைத் தொடவில்லை, காலையில் எழுந்து கட்டுப்போட்ட காலோடு பாலம் வரை மெதுவாக நடந்து திரும்பினாள். நாங்கள் அதையும் பார்த்தோம், இவள் எதற்குத் தினமும் பாலத்துக்குப் போகிறாள், யாரைப் பார்க்கப் போகிறாள் என்று பேசிக்கொண்டோம். அவளோ ஒரே ஒரு காரியத்துக்காகக் காத்திருந்தாள், நாக்கு திரும்பினால் சத்தமில்லாமல் இன்னொரு உருண்டை தின்று, சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று. வாய் கெட்டவள் என்று தெரு சொல்லிவிட்டால் அவளுக்கு அந்தத் தெருவில் வேறு பெயர் கிடையாது.

ஆனால் தெரு காத்திருக்கவில்லை. இருபத்து நாலாம் நாள் மில் வாசலில் கூடி, தங்கபுஷ்பத்தை வரவழைத்துச் சொன்னோம். சொன்னது சங்கிலி அண்ணாச்சி, தலையாட்டியது நாங்கள்.

"வெள்ளிக்கெழம காலையில சாவிய வால்வுமேல வச்சிட்டு நீ தெருவ விட்டுப் போயிரணும் புஷ்பம். நீ போனாத்தான் அவரு போவாரு."

"சாவிய வச்சிட்டு எங்க அண்ணாச்சி போவேன்?"

"அது எங்களுக்குத் தெரியாது."

"பதினோரு வருசம் அவ்வோ தொறந்துவிட்ட தண்ணியில குளிச்சவுகதானே எல்லாரும்?"

"எவ்வளவு தொறந்தாருன்னுதானே கேள்வியே" என்றாள் கனியம்மாள், சங்கிலி அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை விடிந்து ஏழு மணிக்கு முப்பத்தெட்டு வீடும் கரண்டைக்கால் தண்ணீரில் நின்றது. தவசிக்கண்ணு தன் இடத்தில் இரண்டு ஆள் பருமனுக்கு உட்கார்ந்திருந்தார். தங்கபுஷ்பம் ஒரு பையோடும் சாவியோடும் வந்தாள். சாவியைக் கீழே வைக்கவில்லை, மார்போடு பிடித்திருந்தாள். சங்கிலி அண்ணாச்சி கையை நீட்டியபோது, தெருவின் அந்தக் கோடியிலிருந்து தண்ணீரைக் கலக்கிக்கொண்டு, காலில் பாலிதீன் பை கட்டிக்கொண்டு, பிரமு அத்தை வந்தாள்.

"அவள விடுங்க. முடிஞ்சுதுன்னு நான் சொன்னது பொய்யி."

தண்ணீரில் நின்றவர்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அன்னைக்குத் தின்னேன். ஒண்ணும் எறங்கல. டீச்சருக்கும் பாதிதான் எறங்குச்சு, டெய்லருக்கும் அப்பிடித்தான். எனக்குச் சக்கரை. முந்நூத்தி நாப்பது." சேலைத் தலைப்பிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

சங்கிலி அண்ணாச்சி சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அவ ஒனக்கு என்ன தந்தா பிரமு? இப்பிடிச் சொல்லச் சொல்லி?"

அன்றைக்கு எங்களில் பாதிப்பேர் மனதில் இருந்தது அதுதான், அதைச் சொல்லாமல் விட்டால் கதை கெட்டுப்போகும். இருபத்தாறு நாள் சந்தேகத்திலேயே குடித்துக் குளித்தவர்களுக்கு, ஒருத்தி தன் வாயாலேயே தன்னைக் கெடுத்துக்கொள்வதுகூட ஓர் ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

பிரமு அத்தை கோபப்படவில்லை. "ஒம்ம அம்மைக்கு நான்தான் தின்னேன் வே" என்றாள். "அதுல இருந்தத இன்னைக்கு வரைக்கும் யாருட்டயும் சொல்லியிருக்கேனா?"

அண்ணாச்சி சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொரு உருண்டை வைங்க. கருப்பட்டி போடாதீய. தேங்காய் போடாதீய. வெறுஞ்சோறு."

"இனிப்பில்லாம வச்சா எவன் போவான்?" என்றோம்.

"இனிப்பு நமக்காவ வச்சது, அவங்களுக்காவ இல்ல. கசப்பத் திங்கச் சொல்லி கருப்பட்டியப் போட்டு ஏமாத்தி வச்சிருக்கோம். எனக்கு அது கூடிப்போச்சு."

கனியம்மாள் வீட்டில்தான் அப்போது சோறு இருந்தது. பிரமு அத்தை தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்து மென்றாள். மென்றாள், நிறுத்தினாள், கண்ணில் தண்ணீர் வந்தது. "உப்பு" என்றாள். "நல்ல உப்பு." இரண்டாவது வாய் இறங்கியது. தவசிக்கண்ணுவின் கன்னம் வற்றிற்று. மூன்றாவது வாயில் தோள் வற்றிற்று. நாலாவது வாயை எடுத்தவள் கையை அப்படியே இலையில் வைத்துவிட்டாள்.

"இதுக்கு மேல என் வாய் கேக்கல. மந்தமாத்தான் இருக்கு இன்னும். மீதிய நீங்க தின்னுங்க. ஆளுக்கு ஒரு பருக்கை போதும்."

நாங்கள் பின்வாங்கினோம். யாரும் தின்று பழக்கமில்லை, அதற்குத்தான் அவள் இருந்தாள். ஆனால் இலை கையிலிருந்து கைக்கு வந்துவிட்டது, வேண்டாம் என்றவனை மற்ற முப்பத்தேழு பேரும் பார்த்தார்கள், பார்வைக்குப் பயந்து ஒவ்வொருவராக வாயில் போட்டோம், தங்கபுஷ்பமும் போட்டாள். போட்டதும் தெரிந்தது. இரண்டு வாரமாக எல்லோரைப் பற்றியும் கேட்டோமே, அதில் கேட்காமல் போன ஒன்று இருந்ததே, அது அந்தப் பருக்கையில் இருந்தது. அவரவர் வீட்டைப் பற்றித் தவசிக்கண்ணுவுக்குத் தெரிந்தது அவரவர் நாக்கில் கரித்தது. கனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புதிதாக மோட்டார் வாங்கியவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தவசிக்கண்ணு எழுந்தார். பழைய உடம்பு, பழைய காக்கி. ஒரு காலைத் தூக்கி மூடியை விட்டு இறக்கினார். இன்னொரு கால் வரவில்லை. துளைமேல் அப்படியே இருந்தது.

"யாரோ முழுங்கல" என்றாள் பிரமு அத்தை.

அப்போது எங்கள் தெரு பார்த்ததே ஒரு பார்வை, அப்படி நாங்கள் சுவரில் காது வைத்தபோதுகூட உற்றுக் கவனித்ததில்லை. முப்பத்தெட்டு வீடும் முப்பத்தெட்டுத் தொண்டையைப் பார்த்தது. பிரமு அத்தை எழுந்து, நொண்டிக்கொண்டு, வரிசையாக வந்தாள். "ஆ காட்டு" என்றாள், எஸ்தர் சிஸ்டர் சொல்லுகிற மாதிரி. ஒவ்வொருவராக ஆ காட்டினோம். சங்கிலி அண்ணாச்சியிடம் வந்ததும் அவர் காட்டவில்லை. அவர் இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது, ஒரே ஒரு பருக்கைக்கு அவ்வளவு புடைப்பு.

"முழுங்கும் வே."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"மோட்டார்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கா இம்புட்டு?"

அவர் மறுபடி தலையை ஆட்டினார், கண் சிவந்துவிட்டது. அதில் மோட்டாருக்கு அடியில் வேறு என்ன இருந்ததோ, அது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தங்கபுஷ்பம் சாவியோடு அவர் எதிரே வந்து நின்றாள். வெகுநேரம் கழித்து அவர் தொண்டை மேலே ஏறிக் கீழே இறங்கியது, முப்பத்தேழு பேரும் அதைப் பார்த்தோம்.

தவசிக்கண்ணுவின் கால் துளையை விட்டு எழுந்தது. வேட்டியைத் தட்டுகிற மாதிரிக் காக்கிப் பேண்டைத் தட்டிவிட்டு, தண்ணீரில் அலை எழாமல் நடந்து, பாலத்தைத் தாண்டிப் போனார்.

தங்கபுஷ்பம் சாவியை இறக்கினாள். வாய்விட்டு எண்ணினாள், ஒன்று, இரண்டு என்று எல்லோருக்கும் கேட்கும்படி, பன்னிரண்டு வரை, அப்புறம் அரை. முப்பத்தெட்டு வீட்டுக்குள்ளும் குடம் நிறைகிற சத்தம் ஒன்றாகக் கேட்டது. தெருத் தண்ணீர் மத்தியானத்துக்குள் வற்றிற்று. அந்த வாரமே மாவு மில்லுக்குப் பின்னால் மண் தோண்டிய தடம் இருந்தது, என்ன எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எங்கள் தெருவில் வாய்ச்சோறு வெறுஞ்சோறுதான், வீட்டுக்கு ஒரு பருக்கை, பிரமு அத்தை முதல் வாய் தின்றுவிட்டு மற்றவர்களை ஆ காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவாள். அவள் கட்டைவிரல் ஆறிவிட்டது. தங்கபுஷ்பத்துக்கு வேலை நிரந்தரமாயிற்று.

ஒன்று மட்டும் மிச்சம். அன்றைக்கு எல்லோருடைய வாயையும் பார்த்த பிரமு அத்தை, தங்கபுஷ்பத்திடம் மட்டும் ஆ காட்டச் சொல்லவில்லை. மறந்தாளா, விட்டாளா, தெரியாது. தண்ணீர் வந்ததும் தங்கபுஷ்பம் முதல் கையை ஏந்தி, சுவர்ப் பக்கம் திரும்பி வாய் கொப்பளித்ததைக் கனியம்மாள் பார்த்திருக்கிறாள். வெறும் தண்ணீரைத் துப்பினாளா, எதையாவது உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாளா என்பது கனியம்மாளுக்கே நிச்சயமில்லை. மூன்றாம் வால்வின் மூடியில், துளைக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓர் ஈரம் இருக்கிறது. சித்திரை வெயிலிலும் காய்வதில்லை. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறோம், குழந்தைகளையும் மிதிக்க விடுவதில்லை. தங்கபுஷ்பம் மட்டும் தினமும் ஐந்தரைக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதன்மேல் நின்றுதான் சுற்றுகிறாள்.